தன் மகரந்தத்தை ஏற்காத செடியில் பூ நிறம் 3:1 கணக்கில் வராதது ஏன்?

கேள்வி இதுதான்: பெற்றோர் இரண்டும் கலர் பூ, இரண்டிலும் வெள்ளை மறைந்திருக்கிறது. நாற்றுகளில் நாலுக்கு ஒன்று வெள்ளையாக வர வேண்டும். ஏன் பாதிக்குப் பாதி வருகிறது?

மெண்டல் கணக்கு தப்பில்லை. மகரந்தத்தில் ஒரு பாதிக்கு அனுமதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

புகையிலை சேர்ந்த நிகோட்டியானா பேரினத்தில், தன் மகரந்தத்தை ஏற்காத ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். அதில் எஸ் என்ற மரபணு இடம் உண்டு; அதற்கு எஸ்1, எஸ்2, எஸ்3 என்று பல வகைகள். செடியில் இரண்டு வகை இருக்கும், ஒரு மகரந்தத் தூளில் ஒன்றுதான். பூவின் சூல்தண்டில் இருக்கும் எஸ் வகையே மகரந்தத்திலும் இருந்தால், சூல்தண்டு சுரக்கும் நொதி, அந்த மகரந்தத்திலிருந்து சூலை நோக்கி வளரும் குழாயின் ஆர்என்ஏவைச் சிதைக்கும். குழாய் பாதி வழியில் நின்றுவிடும்.

இனி நிற மரபணு அதே குரோமோசோமில் எஸ்-க்குப் பக்கத்தில் இருப்பதாக வையுங்கள். தாய்: எஸ்1-கலர், எஸ்2-வெள்ளை. தந்தை: எஸ்1-கலர், எஸ்3-வெள்ளை. தந்தையின் எஸ்1 மகரந்தம் தடுக்கப்படும். கூடவே கலரும் போச்சு. உள்ளே நுழைவது எஸ்3-வெள்ளை மட்டும். அப்புறம் நாற்றின் நிறத்தைத் தாய் மட்டும்தான் தீர்மானிக்கும்: 1:1.

தந்தையில் கலர் எஸ்3-உடன் இருந்தால்? அநேகமாக எல்லாமே கலர்தான். தந்தையின் ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது எப்போதாவது ஒரு வெள்ளை எட்டிப் பார்க்கும். எனக்குப் பிடித்தது அந்த ஒற்றை வெள்ளைதான். இரு மரபணுக்களுக்கும் இடையிலான தூரத்தை அப்படிப்பட்டவற்றை எண்ணித்தான் அளக்கிறார்கள். நிறமும் எஸ்-உம் இப்படிச் சேர்ந்தே போகும் பிணைப்பை 1926-லேயே பிரீகர், மாங்கல்ஸ்டார்ஃப் என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.