பாட்டா காலத்து ரயில் படங்கள்: கேள்வி பதில்

பழைய ரயில் படம் வீட்டில் இருந்தால் அனுப்புங்கள், எந்த ஊர், எந்த எஞ்சின் என்று முடிந்தவரை சொல்கிறேன் என்று போன வாரம் வாயைக் கொடுத்தேன். வந்து குவிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

தக்கலை: பாட்டா கரி எஞ்சின் பக்கத்தில் நிற்கிற படம். பின்னால் மசியில் "நாகர்கோவில் ஸ்டேஷன், 1958" என்று பாட்டாவே எழுதியிருக்கிறார். எந்த எஞ்சின் அண்ணே?

எஞ்சினுக்கு அப்புறம் வருவோம் தம்பி. 1958-ல் நாகர்கோவிலில் ஸ்டேஷனே கிடையாது. நம் குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979 ஏப்ரலில், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை. திருநெல்வேலிப் பக்கம் பாதை சேர்ந்தது 1981-ல். அதற்கு முன்னால் நம்மாட்கள் ரயிலேற வேண்டுமென்றால் பஸ் பிடித்து ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்கு. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு 1918-ல்.

இன்னொன்றும் கவனியுங்கள். நமக்குப் போட்டது முதல் நாளிலிருந்தே அகலப்பாதை. மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மட்டும் விடுகிற குறுகிய பாதை, இந்த மாவட்டத்து மண்ணைத் தொட்டதே இல்லை. உங்கள் படத்தில் எஞ்சினின் முன்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பஃபர் (மோதும்போது அதிர்ச்சி தாங்குகிற தட்டு), அதோடு கொக்கி. அது மீட்டர் கேஜ் அடையாளம். அகலப்பாதை எஞ்சினுக்கு இடமும் வலமுமாக இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கும். தண்டவாளம் புல்லில் மறைந்திருந்தாலும், படம் மங்கியிருந்தாலும் இந்த ஒரு அடையாளம் பெரும்பாலும் தப்பாது. படம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது எஞ்சின். பாட்டாவின் வேட்டி நுனிக்குப் பக்கத்திலிருந்து சக்கரத்தை எண்ணுங்கள். சின்னது இரண்டு, நெஞ்சளவு உயரமுள்ள பெரியது மூன்று, அப்புறம் பின்னால் சின்னது ஒன்று. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு. மீட்டர் கேஜில் இந்த அடுக்கும், முகப்புத் தகட்டில் 2-ல் தொடங்கும் நாலு இலக்க எண்ணும் சேர்ந்தால் அது ஒய்.பி. வகை, பயணிகள் வண்டி இழுத்த எஞ்சின். சின்னது ஒன்று, பெரியது நான்கு, சின்னது ஒன்று என்று இருந்திருந்தால் சரக்குக்கான ஒய்.ஜி. என்று சொல்லியிருப்பேன். முதல் எழுத்து ஒய் என்றால் மீட்டர் கேஜ், டபிள்யூ என்றால் அகலப்பாதை. கடைசி எழுத்து பி என்றால் பயணிகள், ஜி என்றால் சரக்கு.

ஆக, படம் திருநெல்வேலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பாட்டா பொய் எழுதவில்லை. "நாகர்கோவிலுக்குப் போக இறங்கின ஸ்டேஷன்" அவருக்கு நாகர்கோவில் ஸ்டேஷன்தான். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்.

குளச்சல்: வாட்ஸ்அப்பில் வந்தது. "கன்னியாகுமரிக்கு வந்த முதல் ரயில்" என்று போட்டிருக்கிறது. நட்சத்திரம் வைத்த கரி எஞ்சின், பின்னால் கடலும் வள்ளுவர் சிலையும். உண்மையா?

இல்லை. வள்ளுவர் சிலையைத் திறந்தது 2000 ஜனவரி 1-ம் தேதி. ரயில் வந்தது 1979-ல். மூக்கு கூம்பி, நடுவில் நட்சத்திரம் வைத்திருக்கிற எஞ்சின் டபிள்யூ.பி. வகை. அது நிஜமான எஞ்சின்தான், படம்தான் ஒட்டுவேலை. யாருக்கும் அனுப்பாதீர்கள்.

திருவட்டாறு: எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய பாலத்தின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. மாத்தூர் ரயில் பாலம் என்று மாமா சொல்வார். ரயில் அங்கே எப்போது ஓடியது?

ஓடவே இல்லை. அது மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே, நூறு அடிக்கு மேல் உயரத்தில், தண்ணீர் கொண்டுபோவதற்காக 1960களில் கட்டியது. மேலே ஓடுவது தொட்டி, அதை ஒட்டி ஆள் நடக்க வழி. கீழே நின்று அண்ணாந்து படம் பிடித்தால் அந்தத் தொட்டியின் பக்கச்சுவர் ரயில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மாதிரியே தெரியும். மாமா மேல் தப்பில்லை, நானே சின்ன வயதில் அப்படித்தான் நம்பினேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம்தான் உண்மையான ரயில் பாலம். கருங்கல் தூண்கள், மேலே வளைவுகள். வளைவுக்குக் கீழே இருக்கிற திறப்பை எண்ணினால் பதிமூன்று கண். செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற மலைப்பாதையில், தென்மலைக்குப் பக்கத்தில் கழுதுருட்டியில் இருக்கிறது. பக்கத்திலேயே ரோடு போவதும் உங்கள் படத்தில் தெரிகிறது. அந்தப் பாதை 1904-ல் திறந்தது, மீட்டர் கேஜ். அகலப்பாதையாக மாறி முழுதும் திறந்தது 2018-ல்தான். படத்தில் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு டீசல் எஞ்சின், கடைசியிலும் ஒன்று. ஏற்றத்துக்காகப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு அதைப் போடுவார்கள். ஆகவே இது கரி போய் டீசல் வந்த பிறகு, ஆனால் மீட்டர் கேஜ் இருந்தபோதே எடுத்த படம். எஞ்சின் ஒய்.டி.எம்.-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் வகை.

மார்த்தாண்டம்: அப்பப்பா இலங்கையில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் இருந்த படம் இது. டீசல் எஞ்சின். எந்த ஊர் என்றே தெரியவில்லை. எஞ்சின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது.

இந்த வாரம் வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த படம் இதுதான் அக்கா. நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "ஆல்பர்ட்டா" என்று இருக்கிறது. ஆல்பர்ட்டா கனடாவில் ஒரு மாகாணம். 1954-லிருந்து கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையேயான உதவித் திட்டத்தில் கனடா இலங்கைக்கு டீசல் எஞ்சின்கள் கொடுத்தது. அவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். எம்2 வகை என்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் தேய்ந்துபோய்த் தெரிகிற மூன்று எழுத்து சி.ஜி.ஆர்., அதாவது சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே.

முதலில் எனக்கும் குழப்பம் வந்தது. முன்னால் இரண்டு பஃபர் இருக்கிறதே, நம்மூர் அகலப்பாதையோ என்று. இலங்கைப் பாதையின் அகலமும் நம் அகலப்பாதை அகலமேதான், ஐந்தரை அடி. பஃபரைப் பார்த்து மட்டும் நாட்டைச் சொல்ல முடியாது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஊர் எது என்று இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்லத் துணிய மாட்டேன். பின்னால் தேயிலைச் சரிவு தெரிகிறது, மலையகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அப்பப்பாவின் கடிதங்கள் இருந்தால், எந்தத் தபால் முத்திரை என்று பாருங்கள். ஸ்டேஷன் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

நாகர்கோவில், வடசேரி: அம்மா பாளையங்கோட்டையில் படித்தவர். ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்குக் கீழே தோழிகளோடு நிற்கிறார். வருஷம் தெரிந்தால் நல்லது. அம்மாவைக் கேட்டால் "மறந்துபோச்சு" என்கிறார்.

ஊரில் சந்தேகமில்லை, பலகையே சொல்கிறது. திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதை, 1923-ல் திறந்த மீட்டர் கேஜ் பாதை. அங்கே அகலப்பாதை வந்தது 2008-ல். வருஷத்துக்குப் பலகையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. "பாளையங்கோட்டை"யில் வருகிற "ளை"யைப் பாருங்கள். இப்போது எழுதுகிற மாதிரி முன்னால் கொம்பு போடாமல், மேலே யானைத் தும்பிக்கை போல வளைத்த பழைய எழுத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதுதான் ணை, லை, ளை, னை எல்லாம் மாறின. ஆகவே பலகை எழுதியது அதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் படம் எடுத்ததும் முன்னால்தான் என்று சொல்லிவிட முடியாது. பெயின்ட் உரியும்வரை பலகையை யார் மாற்றப் போகிறார்கள்? எதிர்த்திசையில் இந்தக் கணக்கு கெட்டி: புது எழுத்து இருந்தால், படம் 1978-க்குப் பிந்தியதுதான்.

அம்மாவிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். படத்தில் இடது ஓரத்தில் நிற்கிற தோழிக்குக் கல்யாணம் எப்போது என்று கேளுங்கள். அது மறந்திருக்காது.

ஆரல்வாய்மொழி: நம்மூர் வழியாகப் போகிற வண்டி, டீசல் எஞ்சின். கலர் படம். எண்பதுகளா, தொண்ணூறுகளா?

எஞ்சின் டபிள்யூ.டி.எம்.-2 என்ற அகலப்பாதை டீசல் வகை. பக்கவாட்டு எண் 17-ல் தொடங்குகிறது. இந்த வகைக்கு 16, 17, 18 என்றுதான் ஐந்து இலக்க எண்கள் தொடங்கும். எண்ணுக்குக் கீழே ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கிற இடம்) பெயரின் சுருக்கம் எழுதுவார்கள்: ஈ.டி. என்றால் ஈரோடு, ஈ.ஆர்.எஸ். என்றால் எர்ணாகுளம், ஜி.ஓ.சி. என்றால் பொன்மலை. உங்கள் படத்தில் அந்த இடத்தில் எண்ணெய் வழிந்திருக்கிறது, படிக்க முடியவில்லை.

எஞ்சினை வைத்து வருஷம் பிடிக்க முடியாது, பல பத்தாண்டுகள் ஓடிய வகை. பெட்டியைப் பாருங்கள், செங்கல் சிவப்பு. நீலப் பெட்டிகள் பரவியது தொண்ணூறுகளின் பின்பாதியில். மலை அடிவாரத்தில் நாலைந்து காற்றாலைகள் தெரிகின்றன. பக்கத்து முப்பந்தலில் காற்றாலை முளைக்கத் தொடங்கியது எண்பதுகளின் பின்பாதியில். இன்றைக்கு அதே இடத்தில் நின்றால் எண்ணி முடியாது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்து வருஷத்துக்குள் வந்துவிடும். காற்றாலை எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அந்தப் பத்தின் முன்பாதி என்பது என் ஊகம். (பெண்ணின் தாவணி கிடைமட்டமாகப் பறக்கிறது. அது ஒன்று போதும், ஆரல்வாய்மொழிதான்.)

கருங்கல்: தனுஷ்கோடி ஸ்டேஷனில் ரயில் நிற்கிற படம் என்று ஒரு கடையில் வாங்கினேன். பாம்பன் பாலம் படமும் ஒன்று. அசல்தானா?

தனுஷ்கோடியில் ரயில் நிற்கிறது என்றால் 1964 டிசம்பருக்கு முன்னால். அந்தப் புயலோடு ஸ்டேஷன் போயிற்று, வந்துகொண்டிருந்த வண்டியும் போயிற்று. உங்கள் படத்தில் பெட்டி மேல் எஸ்.ஐ.ஆர். என்று இருப்பதால் இன்னும் பின்னால் போகலாம். சவுத் இந்தியன் ரயில்வே 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயோடு கலந்துவிட்டது. பெயர் மாற்றி எழுத ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும் என்று விட்டுக்கொடுத்தாலும், ஐம்பதுகளின் தொடக்கத்தைத் தாண்டாது.

பாம்பன் படத்தில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு பாலமும் முழுதாக இருக்கிறது. அது திறந்தது 1988-ல். கடைக்காரர் "வெள்ளைக்காரன் காலத்துப் படம்" என்று விற்றிருந்தால், அதற்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேளுங்கள்.

இரணியல்: நீங்கள் எப்போதாவது தப்பாகச் சொன்னதுண்டா சார்?

உண்டு. வள்ளியூர்ப் பக்கம் எடுத்த ஒரு படம் கிடைத்தது. மலை வலப்பக்கம், எஞ்சின் என்னை நோக்கி வருகிறது. நிழலையும் மலையையும் வைத்து, இது நாகர்கோவிலிலிருந்து நெல்லை போகிற வண்டி, காலை நேரம் என்று பெரிதாக எழுதிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பையன், பத்தாவதுகூட முடித்திருக்க மாட்டான், ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, எல்லாருக்கும் சட்டைப் பை ஏன் வலப்பக்கம் இருக்கு?"

நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நின்ற நாலு ஆட்களுக்கும் சட்டைப் பை வலப்பக்கம். கைக்கடிகாரம் வலக்கையில். முந்தானை வலத் தோளில். நான் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன், மனிதர்களைப் பார்க்கவில்லை. படத்தைத் திருப்பிப் பார்த்தால் மலை இடப்பக்கம் வந்தது. நெல்லை நோக்கிப் போகிறவனுக்கு மகேந்திரகிரி இடப்பக்கம்தான் இருக்கும். நம்மை நோக்கி வருகிற வண்டியைப் பார்த்து நிற்கும்போது நமக்கு இடப்பக்கம் மலை என்றால், அந்த வண்டி நெல்லைக்குப் போகவில்லை. நெல்லையிலிருந்து வருகிறது.

அந்தப் பையனிடம் இப்போது என் படங்களை முதலில் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். மேலே உள்ளவற்றில் பதிமூன்று கண்ணையும் எண்ணியது அவன்தான். நான் எண்ணியபோது பன்னிரண்டு வந்தது.