இலைவெட்டி எறும்புகள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இலைவெட்டி எறும்புகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமான கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பலர் ராணியைப் பற்றித்தான் முதலில் கேட்டிருந்தீர்கள். நான் பூஞ்சையிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சமூகத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அண்ணா, வீடியோக்களில் இலைத் துண்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகின்றனவே, அந்த இலையைத்தானே சாப்பிடும்?

இலையைச் சாப்பிடாது. அதை வைத்துப் பூஞ்சை வளர்க்கும். 1874-ல் தாமஸ் பெல்ட் என்ற இயற்கையியலாளர், நிகரகுவாவில் தான் பார்த்ததைக் கொண்டு இதை எழுதினார். 1893-ல் ஆல்ஃபிரட் மோல்லர் பிரேசிலில் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

கூட்டுக்குள் வரும் துண்டைச் சிறிய எறும்புகள் வாங்கி இன்னும் பொடியாக நறுக்குகின்றன. நக்கிச் சுத்தம் செய்து, ஓரத்தை மென்று கூழாக்கி, தங்கள் கழிவில் ஒரு துளியை அதன்மேல் விட்டுத் தோட்டத்தில் பதிக்கின்றன. அப்புறம் பக்கத்திலிருந்து பூஞ்சை இழையைப் பிடுங்கி வந்து அதன்மேல் நடுகின்றன. அந்தக் கழிவுத் துளிக்கு ஒரு வேலை இருக்கிறது. எறும்பு தின்ற பூஞ்சையிலிருந்த நொதிகள் குடலில் சிதையாமல் கடந்து வந்து, புது இலையை உடைக்கத் தொடங்குகின்றன. முந்தைய விளைச்சலே அடுத்த விளைச்சலுக்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுக்கிறது.

பூஞ்சை இழைகளின் நுனியில் சத்து நிறைந்த சின்ன வீக்கங்கள் உண்டாகும். புழுப் பருவத்துக் குஞ்சுகளுக்கு அதுதான் உணவு. வளர்ந்த எறும்புகள் அதோடு, இலை வெட்டும்போது கசியும் சாற்றையும் குடிக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சக்தியில் பெரும் பங்கு அந்தச் சாற்றிலிருந்துதான் வருகிறது.

இவை ஆசியாவில் இருக்கின்றனவா?

இல்லை. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான், டெக்சாஸிலிருந்து அர்ஜென்டினா வரை. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்ற இரண்டு பேரினங்களில்தான் பெரும்பாலானவை அடங்கும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பூஞ்சை வளர்ப்பவை கரையான்கள். மரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பு வேறு இனம். அது இலையை வெட்டுவதுமில்லை, பூஞ்சை வளர்ப்பதுமில்லை.

லட்சக்கணக்கில் இருக்கின்றன என்கிறார்கள். யார் என்ன வேலை செய்வது என்று ராணிதான் உத்தரவு போடுமா சார்?

அட்டா இனங்களின் முதிர்ந்த கூட்டில் பல லட்சம் எறும்புகள் இருக்கும், சில இனங்களில் 50 லட்சத்தையும் தாண்டும். அத்தனைக்கும் உத்தரவு போட அங்கே யாரும் இல்லை. ராணியின் வேலை முட்டையிடுவது. அதன் வாசனைக்குச் சில விளைவுகள் உண்டு, ஆனால் "நீ இதைச் செய்" என்று அது எந்த எறும்பையும் ஏவுவதில்லை.

வேலையைப் பெரும்பாலும் உடல் அளவு தீர்மானிக்கிறது. ஒரே கூட்டில் பிறந்த சகோதரிகளில் பெரியதன் எடை சிறியதைப் போல 200 மடங்கு வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தலை உள்ளவை தோட்டத்தையும் புழுக்களையும் கவனிக்கின்றன. பூஞ்சை இழைகளுக்கு நடுவே நுழைய அந்த அளவு உடம்புதான் சரி. தலை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இருப்பவை வெளியே போய் இலை வெட்டுகின்றன. பெரிய தலை உள்ளவை காவலுக்கு. அவற்றின் கடி மனிதத் தோலையும் கிழித்துவிடும். யார் எந்த அளவுக்கு வளர்வார்கள் என்பதில் புழுப் பருவத்தில் கிடைத்த உணவுக்குப் பெரிய பங்குண்டு. புதுக் கூட்டில் பெரிய காவலாளிகளே இருக்க மாட்டார்கள். தோட்டம் சிறியதாக இருக்கும்போது அவர்களை வளர்ப்பது கட்டுப்படியாகாது.

வயதும் சேர்ந்துகொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது: தாடையின் வெட்டும் விளிம்பில் துத்தநாகம் கலந்திருப்பதால் அது மிகக் கடினமாக இருக்கும். ஆனாலும் வெட்டி வெட்டித் தேய்ந்து போகும். தாடை தேய்ந்த எறும்புகள் வெட்டுவதைக் குறைத்துக்கொண்டு, மற்றவை வெட்டிய துண்டுகளைச் சுமக்கின்றன. யாரும் அவற்றை ஓய்வில் அனுப்புவதில்லை. வெட்ட அதிக நேரம் பிடிக்கிறது, அதனால் செய்ய முடிந்ததைச் செய்கின்றன.

இலைத் துண்டின் மேலேயே குட்டி எறும்பு ஒன்று சும்மா உட்கார்ந்து வருகிறதே?

சும்மா வரவில்லை. ஃபோரிட் என்ற ஒரு வகைச் சிறிய ஈ, சுமை தூக்கும் எறும்பின் தலைப் பகுதியில் முட்டையிடப் பார்க்கும். பொரிக்கும் புழு எறும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். வாயில் இலையைக் கவ்வியிருக்கும் எறும்பால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. மேலே இருக்கும் சிறியது அந்த ஈயைத் தாடையாலும் காலாலும் விரட்டுகிறது. போகிற வழியில் இலையைச் சுத்தமும் செய்கிறது.

நல்ல இலை எங்கே இருக்கிறது என்று மற்றவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

தரையில் விடும் வாசனைத் தடத்தால். அட்டா எறும்பின் தட வாசனைப் பொருள் எது என்று 1971-ல் கண்டுபிடித்தார்கள். எறும்பின் தட வாசனை ஒன்றின் வேதியியல் அமைப்பு தெரியவந்தது அதுதான் முதல் முறை. அதில் ஒரு மில்லிகிராம் இருந்தால் பூமியைச் சில முறை சுற்றி எறும்பை நடத்திச் செல்லலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நுண்ணிய அளவே எறும்புக்குப் போதும்.

இன்னொரு வழி அதிர்வு. நல்ல இலை கிடைத்தால் வெட்டும் எறும்பு தன் வயிற்றுப் பகுதியை உரசி ஒலி எழுப்பும். அது இலை வழியாகப் பரவி, பக்கத்தில் இருப்பவற்றை இழுத்து வரும். மண்ணில் புதைந்துபோன எறும்பும் இதே ஒலியால் உதவி கேட்கும்.

விஷமுள்ள இலையைத் தெரியாமல் கொண்டு வந்துவிட்டால் பூஞ்சை செத்துவிடாதா?

நல்ல கேள்வி. வெட்டும் எறும்புக்குத் தீங்கு செய்யாத இலை பூஞ்சையைக் கொல்லலாம். முகர்ந்து பார்த்தால் அது தெரியாது. சோதனைகளில் பூஞ்சைக்கொல்லி தடவிய துண்டுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் எறும்புகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துப் போகின்றன. பிறகு நிறுத்திவிடுகின்றன. அதைவிட வியப்பு, அதே வகைத் தாவரப் பொருளில் எதுவுமே தடவாமல் கொடுத்தாலும் வாரக்கணக்கில் தொட மறுக்கின்றன.

பாதிக்கப்பட்ட பூஞ்சையிலிருந்து ஏதோ ஒரு வேதியியல் அறிகுறி தோட்டம் பராமரிக்கும் எறும்புகளுக்குக் கிடைக்கிறது, அது அவற்றிடமிருந்து வெளியே போகும் எறும்புகளைச் சென்றடைகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எந்த மரத்துக்குப் போவது என்பதில் பூஞ்சைக்கும் ஒரு வாக்கு இருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இத்தனை பேர் இருட்டில், ஈரத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நோய் வராதா?

வரும். முக்கிய எதிரி எஸ்கோவாப்சிஸ் என்ற இன்னொரு பூஞ்சை. கவனிக்காமல் விட்டால் தோட்டத்தையே அழித்துவிடும். எறும்புகள் அதன் வித்துகளை நக்கி எடுத்து அப்புறப்படுத்துகின்றன, பாதித்த பகுதியைப் பிய்த்து எறிகின்றன. அக்ரோமிர்மெக்ஸ் எறும்புகளின் உடம்பில் வெள்ளைப் பொடி பூசியது போல இருப்பது பாக்டீரியா. அது எஸ்கோவாப்சிஸுக்கு எதிரான மருந்தைச் சுரக்கிறது என்று 1999-ல் கேமரன் கரியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். அட்டா எறும்புகளிடம் இந்தப் பாக்டீரியா இல்லை, தங்கள் சுரப்பிகளையே நம்புகின்றன.

குப்பை விஷயத்தில் இவை கண்டிப்பானவை. தீர்ந்துபோன இலைச் சக்கையும் பிணங்களும் தனி அறைக்கோ கூட்டுக்கு வெளியிலோ போகும். அங்கே வேலை செய்பவை பெரும்பாலும் வயதானவை, தோட்டத்துப் பக்கம் திரும்ப முயன்றால் மற்றவை தாக்கி விரட்டும். படிக்கக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் தோட்டம் போனால் புழுக்கள் எல்லாமே பட்டினியில் சாகும்.

ராணி இறந்துவிட்டால் வேறு ராணி வருமா?

அட்டாவில் வராது. கூடு மெல்ல மெல்ல அழியும். ராணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இனச்சேர்க்கைக்குப் பறக்கிறது. அப்போது பல ஆண்களுடன் கூடி, கிடைக்கும் விந்தணுக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உடம்பில் சேமித்து வைத்திருக்கும். ஆண்கள் சீக்கிரமே இறந்துவிடும்.

புறப்படும்போது தாய்வீட்டிலிருந்து ஒரு சிறு உருண்டைப் பூஞ்சையை வாயிலுள்ள பையில் எடுத்துக்கொண்டு போகும். இறக்கையை உதிர்த்து, குழி தோண்டி, அந்த உருண்டையைத் துப்பி, தன் கழிவையே உரமாகக் கொடுக்கும். தானும் முதல் புழுக்களும் அது இடும் முட்டைகளில் பலவற்றைத் தின்றே காலம் தள்ளும். வெளியே போய் இரை தேடாது. முதல் வேலைக்காரர்கள் வருவதற்குள் அந்தப் பூஞ்சை கெட்டால் எல்லாம் முடிந்தது. அப்படிக் கிளம்பும் ராணிகளில் மிகச் சிலவே பிழைக்கின்றன.

பூஞ்சையை விட்டுவிட்டு இவற்றால் வாழ முடியுமா?

முடியாது. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் திறனை இந்த எறும்புகள் இழந்துவிட்டன. பூஞ்சைதான் தருகிறது. எறும்புகளின் பூஞ்சை விவசாயம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த காலத்தையொட்டித் தொடங்கியது என்று 2024-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. சூரிய ஒளி குறைந்து, செத்த தாவரங்கள் குவிந்து, பூஞ்சைகள் செழித்த காலம் அது. பச்சை இலையை வெட்டும் வழக்கம் அதற்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். இவை இல்லாத நாட்டில் தப்பிப் பெருகினால் தீங்குதான். அனுமதி இல்லாமல் கொண்டுவருவதைப் பல நாடுகள் தடுக்கின்றன.

விவசாயிக்கு இவை எதிரிதானே ஐயா?

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களிலும் யூகலிப்டஸ் காடுகளிலும் ஆம். ஒரே இரவில் இளங்கன்றை மொட்டையாக்கிவிடும். பிரேசிலில் இவற்றைக் கட்டுப்படுத்துவது பெரிய செலவு. அங்கே பழச்சக்கையில் மெதுவாகக் கொல்லும் விஷத்தைக் கலந்து வைக்கிறார்கள். உடனே கொல்லும் விஷமாக இருந்தால், எடுத்துப் போகும் எறும்புகள் வழியிலேயே செத்துவிடும், தோட்டம் வரை அது போய்ச் சேராது.

காட்டில் நிலைமை வேறு. வெப்பமண்டலக் காட்டின் இலை விளைச்சலில் 12 முதல் 17 சதவீதம் வரை அட்டா எறும்புகள் வெட்டிப் போவதாக மதிப்பிடுகிறார்கள். அவ்வளவும் மண்ணுக்குள் போகிறது. கூடு தோண்டும்போது அடிமண் மேலே வருகிறது, பல மீட்டர் ஆழத்துக்குக் காற்றும் நீரும் இறங்குகின்றன. சத்து மிகுந்த அவற்றின் குப்பைக் குவியல்களைத் தேடி மரங்களின் மெல்லிய வேர்கள் வந்து நிறைகின்றன.