பந்தை எடுத்து வையுங்கள்
(வாசகர் கேள்விகளுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பதில்)

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. எட்டு மாதத்துக்கு முன்பு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. இப்போது கைத்தடி பிடித்து நடக்கிறார், பேச்சும் தெளிவாகிவிட்டது. கைதான் வரவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு தினமும் காலையும் மாலையும் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். விரல்கள் முன்பைவிட இறுக மூடிக்கொண்டதுதான் மிச்சம், நகம் வெட்டக்கூடப் பிரிக்க முடியவில்லை. ஆறு மாதம் தாண்டினால் இனி கை வராது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: பந்தை மட்டும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். எவ்வளவு உண்மையாக உழைத்திருக்கிறார்கள்! ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விரலை மடக்கும் தசைகள் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். உங்கள் அப்பாவின் கை மூடுவதற்கு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதற்குத் தெரியாமல் போனது திறக்கத்தான். நீங்கள் ஒரு டம்ளரை எடுக்கும்போது கையைக் கவனித்துப் பாருங்கள். டம்ளரைத் தொடுவதற்கு முன்பே விரல்கள் அதன் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விரிந்திருக்கும். அந்த விரிவு வராமல் பிடிப்பு மட்டும் இருந்து பயனில்லை.

முதலில் கையைத் திறக்கும் விதம். விரல் நுனியைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அப்பாவை உட்கார வைத்து முன்கையை மேஜை மேல் தலையணையில் வையுங்கள். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்குங்கள். அப்படி மடக்கினாலே விரல்கள் கொஞ்சம் தளரும். அப்புறம் கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்களை உங்கள் உள்ளங்கையால் தாங்கி விரித்து, கடைசியில்தான் மணிக்கட்டை நிமிர்த்த வேண்டும். நகத்தையும் இந்த நிலையிலேயே வெட்டிவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் செய்தால் இன்னும் சுலபம். ஆனால் சூட்டை உங்கள் கையால் பாருங்கள், அவருடைய வலது கைக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

அடுத்தது பயிற்சி. ஓர் ஓவிய ஆசிரியர் என்னிடம் வந்தார். பாட்டில் மூடியைப் பிடித்துவிடுவார், விட முடியாது. கையை உதறுவார், கடைசியில் நல்ல கையால் பிடுங்கி எடுப்பார். நாங்கள் ஐந்து வாரம் எடுப்பதைப் பற்றிப் பேசவே இல்லை, வைப்பதை மட்டும் பழகினோம். மூடியைக் கையில் கொடுத்து, மணிக்கட்டைத் தளர்த்தி, கட்டைவிரலை மட்டும் விலக்கப் பார்ப்பது. ஒரு நாள் மூடி 'டக்'கென்று மேஜையில் விழுந்தது. அந்தச் சின்னச் சத்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

எத்தனை தடவை செய்ய வேண்டும்? நாம் நினைப்பதைவிட நிறைய. விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்த பிறகே மூளையில் மாற்றம் தெரிந்தது. ஆனால் சிகிச்சை அறைகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு அமர்வுக்குக் கைக்குக் கிடைத்த செயல் பயிற்சி சராசரியாக வெறும் 32 தடவை. அதனால்தான் வீட்டில் நடப்பது இவ்வளவு முக்கியம். ஒரேயடியாகச் செய்து அவரைக் களைப்பாக்க வேண்டாம், நாள் முழுக்கப் பிரித்துச் செய்யுங்கள்.

ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் வேகம் குறையும். அது உண்மைதான். ஆனால் கதவு மூடிவிடுவதில்லை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர், பாதித்த கையைப் பயன்படுத்தாமலே இருந்து இருந்து அதை மறந்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது என்று கண்டார். நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையை வேலை செய்ய வைக்கும் சிகிச்சை அதிலிருந்து வந்தது. 2006இல் வெளியான ஆய்வில் ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். இரண்டு வாரம் இப்படிப் பழகியவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது. உங்கள் அப்பா அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். ஆனால் அவர் மணிக்கட்டையும் கட்டைவிரலோடு இன்னும் இரண்டு விரல்களையும் கொஞ்சமாவது தானே நிமிர்த்த முடிந்தால்தான் இது பொருந்தும். இன்னொன்று, அவர் கைத்தடியைப் பிடிப்பது நல்ல கையில். உறையோடு நடக்க விட்டுவிடாதீர்கள், விழுந்துவிடுவார். தெரபிஸ்ட் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

நான் சொன்ன முறையிலும் விரல் பிரியவில்லை என்றால் டாக்டரிடம் போட்டுலினம் ஊசி பற்றிக் கேளுங்கள். சுமார் மூன்று மாதம் இறுக்கத்தைக் குறைத்து வைக்கும். ஊசி மட்டும் கையை அசைக்காது, அந்த மாதங்களில் செய்யும் பயிற்சிதான் அசைக்கும்.

கேள்வி: என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதம் ஆகிறது, இடது கையில் அசைவே இல்லை. ஆனால் கொட்டாவி விடும்போது அந்தக் கை தானாக மேலே எழும்புகிறது! "அப்போ அவனால் முடிகிறது, முயற்சி பண்ண மாட்டேன் என்கிறான்" என்கிறார் மாமியார். இது குணமாவதற்கு அறிகுறியா?

பதில்: உங்கள் கணவரைத் தயவுசெய்து குற்றம் சொல்ல வேண்டாம். இது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். நாமாக நினைத்துக் கையை அசைக்கும் நரம்புப் பாதை வேறு. கொட்டாவியின்போது கை எழும்புவது மூளையின் அடிப்பகுதியிலிருந்து வரும் பழைய பாதைகளால் என்று கருதுகிறார்கள். அவர் ஏமாற்றவில்லை. அதே சமயம், இதை வைத்துக் கை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

இந்த நிலையில் கண்ணாடிப் பயிற்சியைத் தொடங்கலாம். கை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் தோன்றும் வலிக்காக நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த உத்தி இது, 1999இல் பக்கவாதத்துக்கும் சோதித்தார்கள். மேஜையில் ஒரு கண்ணாடியை அவருடைய நெஞ்சுக்கு நேராக நெடுக்குவாட்டில் நிறுத்தி, இடது கையை அதன் பின்னால் மறைத்து வையுங்கள். கண்ணாடியில் தெரியும் வலது கையைப் பார்த்தபடி விரலைத் திறந்து மூடட்டும், கூடவே இடது கையும் அதையே செய்வதாக முயலட்டும். தினமும் அரை மணி நேரம், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்து.

தூக்கி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு சுலபமாக நழுவும். உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: விளம்பரத்தில் வரும் ரோபோ கையுறை வாங்கலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். 2019இல் பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனையில் வைக்கும் பெரிய ரோபோ கருவிகளே வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறனைக் கூட்டவில்லை. கையுறை விரலை அசைக்க, நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருந்தால் மூளைக்கு அதில் வேலையே இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, கையுறை விரிக்கும் ஒவ்வொரு தடவையும் அவரும் கூடச் சேர்ந்து விரிக்க முயலச் சொல்லுங்கள்.