வாசகர் கேள்வி-பதில்: கப்பல்கார மாப்பிள்ளை

கேள்வி: தாத்தாவின் பழைய படம் ஒன்று கிடைத்தது. வெள்ளை மாலுமி உடுப்பு, தொப்பி நாடாவில் ஹெச்.எம்.ஐ.எஸ். என்ற எழுத்துகள் மட்டும். 1942இல் நடந்தே இந்தியா போய்க் கடற்படையில் சேர்ந்தவர், திரும்பி வந்து 1946 ஆவணியில் ரங்கூனில் பாட்டியைக் கட்டினார். பாட்டியின் அண்ணனோ நேதாஜி படை. வெள்ளைக்காரன் கப்பலில் இருந்தவருக்கு எப்படிப் பெண் கொடுத்தார்கள்?
(ரங்கூன் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் தொப்பி. எதிரிக்குத் துப்புக் கிடைக்கக் கூடாதென்று யுத்த காலத்தில் நாடாவில் கப்பல் பெயர் போடமாட்டார்கள். அதனால் படத்தை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாது. ஹெச்.எம்.ஐ.எஸ். என்றால் 'மன்னரின் இந்தியக் கப்பல்'; அதனால் ஆங்கிலேயரின் ராயல் இந்தியக் கடற்படை என்பது மட்டும் உறுதி. வீட்டுப் பெரியவர்கள் யாராவது பர்மாவின் அரக்கான் கரையிலுள்ள அக்யாப், மியேபோன் என்று பேசியதுண்டா? 1942 ஏப்ரலில் 'இண்டஸ்' கப்பலை ஜப்பான் விமானங்கள் அக்யாப் அருகே மூழ்கடித்தன. 1945 ஜனவரியில் அதே அரக்கான் கரையில் படை இறங்கியபோது 'நர்பதா', 'ஜம்னா' கப்பல்கள் இரண்டும் பீரங்கியால் சுட்டு வழியமைத்துக் கொடுத்தன.

சரி, கல்யாணம். 1945 மே மாதம் ஆங்கிலேயர் ரங்கூனுக்குள் வந்ததும் ஜப்பான் ஆட்சியில் புழங்கிய நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவருக்கும் அரிசி வாங்க வழியில்லை. துணி அதற்கு முன்பே இல்லை. கோணிச் சாக்கை உடுத்திய காலம். என் அம்மா அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதி நேரம் ஊசியும் நூலும்தான். அந்த ஊரில், செல்லுகிற ரூபாயில் சம்பளம் வாங்கிக்கொண்டு, பெட்டியில் நாலு முழு வேட்டியோடு வந்து இறங்கியவனை எந்த மாமியார் வேண்டாம் என்பாள்? யார் எந்தப் படை என்பதெல்லாம் ஆண்கள் டீக்கடையில் பேசியது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். நேதாஜி 1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது, ஊரில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ள தம் படைத் தளபதி லோகநாதன் தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்களை விட்டுப் போனார். ஆங்கிலேயர் வந்ததும் அவர்கள் கைதிகளானார்கள். உங்கள் பாட்டியின் அண்ணனும் அதில் இருந்திருக்கலாம். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது சாப்பாடு சரியில்லை என்று ஆரம்பித்தது. ஆனால் அவர்கள் கோரிக்கைகளில் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கைதிகளை விடுவிக்கச் சொன்னதும் ஒன்று. அது நடந்து ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக் கல்யாணம். மச்சானும் மாப்பிள்ளையும் பந்தலில் முறைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சீர் விஷயத்தில் வேண்டுமானால் முறைத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பெரியப்பாவும் கப்பலில் இருந்தவர்தான். அவர் பெட்டியில் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் இருக்கிறது. பர்மா யுத்தத்துக்குக் கொடுத்ததா?
(மௌல்மீன் வாசகி)

பதில்: நாடாவைப் பாருங்கள் அம்மா. நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்துக்குள்ளும் ஓர் ஆரஞ்சுக் கோடு இருந்தால் அது பர்மா ஸ்டார். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.