ஒரு நிமிடத்தில் கடந்துபோகிற சைக்கிள்கள்

கேள்வி: 2027-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கப் போகிறதாமே. சாலையை எல்லாம் அடைத்து, கோடிக்கணக்கில் கொட்டி, ஒரே நிமிடத்தில் கடந்துபோகிற சைக்கிள்களைக் காட்டுவதால் ஊர்க்காரனுக்கு என்ன லாபம்? அந்தக் காசுக்கு நாலு ரோடாவது போடலாமே?
(ஈரோட்டு வாசகர்)

பதில்: ரோடும் போட்டார்கள் ஐயா. பெயர்தான் பிரான்ஸ் போட்டி, முதல் சில நாட்களைச் சில வருடங்களில் வெளிநாட்டில் ஓட்டுவார்கள். அப்படி 2014-ல் இதே போட்டி இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தொடங்கியபோது, சைக்கிள்கள் போகிற பாதையில் குழிகளை மூடி, மேல்பூச்சுப் பூசினார்கள். தேர் வரும் வீதிக்கு மட்டும் திடீரென்று ஜல்லி வந்து இறங்குவது நமக்குப் புதிதா என்ன?

அந்த வருடப் போட்டியைத் தன் ஊரில் தொடங்கவைக்க எடின்பரோவும் மோதிப் பார்த்தது. யார்க்ஷயர் தட்டிக்கொண்டு போய்விட்டது. ஜூலை 5-ஆம் தேதி லீட்ஸிலிருந்து ஹாரோகேட், மறுநாள் யார்க்கிலிருந்து ஷெஃபீல்ட், மூன்றாம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன். இந்த மூன்று நாளால் யார்க்ஷயருக்கு மட்டும் 10 கோடி பவுண்டுக்கு மேல் பொருளாதாரப் பலன் என்று பின்னால் அறிக்கை வந்தது. அதை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். கணக்கெடுக்கச் சொன்னவர்களே போட்டியை நடத்தியவர்கள்தான். கல்யாண வீட்டுக்காரரிடம் பந்தி எப்படி என்று கேட்ட மாதிரி.

தொகையை விடுங்கள். மாஷம் என்று ஒரு சின்ன ஊர். சைக்கிள்கள் தன் வழியாக வருகின்றன என்றதும் ஊர்க்காரர்கள் கம்பளி நூலில் குட்டிக் குட்டி ஜெர்சிகள் பின்னி, விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் தோரணம் கட்டினார்கள். வந்தார்கள் அதிகாரிகள். மழை பெய்து கம்பளி நனைந்தால் பாரம் தாங்காமல் கம்பம் சாய்ந்துவிடும், கழற்றுங்கள் என்றார்கள்! நாடே சிரித்தது. அதுவரை மாஷம் என்றொரு ஊர் இருப்பதே தெரியாதவர்கள்கூட அதன் பெயரைப் படித்தார்கள். எந்த விளம்பரக் கம்பெனிக்குக் காசு கொடுத்தால் இது கிடைக்கும்?

இதே மாதிரி, வழிகாட்டவும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து நின்றார்கள். பழைய சைக்கிள்களுக்கு, போட்டியில் முந்தி நிற்பவர் போடும் ஜெர்சியின் நிறமான மஞ்சள் பெயின்ட் அடித்து வேலியிலும் சுவரிலும் மாட்டினார்கள். ஹெலிகாப்டர் கேமரா மேலிருந்து காட்டிய பச்சை மலைகளையும் கல்சுவர்களையும் உலகமே டிவியில் பார்த்தது. பட்டர்டப்ஸ் என்ற மலைக் கணவாயில் சைக்கிள்காரர்களுக்கு வழிவிடக்கூட இடமில்லாத அளவுக்குக் கூட்டம். (சந்தைக்குப் போகிற வழியில் விவசாயிகள் அங்கிருக்கும் பாறைக் குழிகளில் வெண்ணெயை இறக்கிக் குளிரவைப்பார்களாம், அதனால் அந்தப் பெயர்.) இன்றைக்கும் அந்த மேட்டில் மூச்சு வாங்க மிதிப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அப்படி வருகிறவர் ராத்திரி எங்காவது தங்க வேண்டும், காலையில் சாப்பிட வேண்டும். ஊருக்கு நிற்கிற வருமானம் அதுதான்.

பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் இன்னும் பழைய உதாரணம். பனிச்சறுக்கு ஊர், கோடையில் ஓட்டல்கள் காலியாகக் கிடக்கும். 1952-ல் டூர் முதல்முறை அங்கே ஏறியது. இப்போது அந்த ஊருக்கு ஏறும் மலைச்சாலையின் 21 வளைவுகளிலும் அங்கே வென்றவர்களின் பெயர்ப்பலகை. கோடையில் சாதாரண ஆட்கள் தொப்பையோடு ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள்.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தப்பான இடத்தில் கை வைக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் போய்விடுகிறதே என்பது குறையே இல்லை. போகாமல் உட்கார்ந்துகொண்டால்தான் வம்பு.

அதே ஹாரோகேட்டைப் பாருங்கள். 2014-ல் கொண்டாடிய ஊர். 2019 செப்டம்பரில் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் வந்தது. எல்லாப் பந்தயமும் இங்கேதான் முடியும் என்று வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சாலை அடைப்பு. வழக்கமாகக் கடைக்கு வருகிறவர்கள் வீட்டைவிட்டே நகரவில்லை. வந்த ரசிகர்களோ தடுப்புக்கு அந்தப் பக்கம். வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். போதாததற்கு அடைமழை. ஆண்களுக்கான பெரிய பந்தயத்தின் தூரத்தையே குறைத்தார்கள். ஊர் நடுவே 'தி ஸ்ட்ரே' என்று 200 ஏக்கர் புல்வெளி, 1778-லிருந்து ஊர்ப் பொதுச்சொத்தாகக் காக்கப்பட்டு வருவது. ரசிகர் கூடாரங்களை அங்கே போட்டதில் புல்வெளியின் ஒரு பக்கம் நாற்று நடலாம் போல் சேறாகிவிட்டது.

அப்புறம், 2014 போட்டியைக் கொண்டுவந்த யார்க்ஷயர் சுற்றுலா அமைப்பு என்ன ஆனது தெரியுமா? அந்த வெற்றியின் சூட்டில் 2015 முதல், டூரை நடத்தும் நிறுவனத்தோடு சேர்ந்து வருடாவருடம் ஒரு போட்டி நடத்தியது. 2019-ல் செலவுக் கணக்குப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே அதன் தலைமை நிர்வாகி விலகினார். 2020-ல் கொரோனா போட்டியை நிறுத்தியது, அது மறுபடி நடக்கவே இல்லை. 2022-ல் அமைப்பே திவால் நிலைக்கு வந்துவிட்டது. எனவே நாலு ரோடு போடலாமே என்று கேட்பதைவிட, எத்தனை நாள் அடைப்பீர்கள், கணக்கை யாரிடம் காட்டுவீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1903-ல் இந்தப் போட்டியைத் தொடங்கியதே 'லோட்டோ' என்ற பத்திரிகை, விற்பனையைக் கூட்டுவதற்காக. மஞ்சள் தாளில் அச்சான பத்திரிகை அது. பத்திரிகைக்காரனான நான் ரொம்பக் குறை சொன்னால் நன்றாக இருக்காது.

எடின்பரோவுக்கு நேரில் போகிற எண்ணம் உண்டென்றால் ஒன்று சொல்கிறேன்: சமதளச் சாலையில் நிற்காதீர்கள், மேட்டில் இடம்பிடியுங்கள். ஏறும்போது அவர்கள் சிதறிப்போய் ஒவ்வொருவராக வருவார்கள், முகமாவது தெரியும். சமதளத்தில் உங்களுக்குக் கிடைக்கப் போவது நீங்கள் சொன்ன அந்த ஒரு நிமிடம்தான்.