படம் தெரியாவிட்டாலும் பக்கம் பேச வேண்டும்

வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் மொழிக்கும் முதல் உலாவிகளுக்கும் 1990-களில் முன்மொழியப்பட்ட வசதிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கல்லூரி மாணவி: முதல் வலைப்பக்கங்களில் படமே கிடையாதா?

பதில்: பக்கத்துக்குள் கிடையாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் எழுதிய உலாவியில், படத்துக்கான இணைப்பைச் சொடுக்கினால் அது தனிச் சாளரத்தில் திறக்கும். அதே உலாவியில் பக்கத்தைத் திருத்தி எழுதவும் முடிந்தது. பின்னால் பரவிய உலாவிகள் எழுதும் வசதியைக் கைவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மென்பொருள் பணியாளர்: ஐஎம்ஜி குறிச்சொல் எப்படி வந்தது?

பதில்: இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எரிக் பினாவுடன் மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், 1993 பிப்ரவரி 25 அன்று, பக்கத்துக்குள்ளேயே படம் காட்டும் அந்தக் குறிச்சொல்லை முன்மொழிந்தார். குறிச்சொல் என்பது எதை எப்படிக் காட்ட வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் குறி. குறிச்சொல்லுக்குள் படக்கோப்பின் முகவரி இருக்கும். தொடக்கக் குறியோடு சரி; முடிவுக் குறி கிடையாது, நடுவில் எதுவும் எழுத முடியாது. அவ்வளவுதான். படத்துக்கு மட்டும் ஏன், எந்த வகைக் கோப்பையும் உள்ளே சேர்க்கும் பொதுக் குறிச்சொல்லாகவே வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மொசைக் ஐஎம்ஜியோடு வெளிவந்தது. எல்லோரும் அதைக் கொண்டே பக்கம் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அதே வாசகர்: எளிமையாக முடிந்தது நல்லதுதானே?

பதில்: அந்த முடிவுக் குறி இல்லாமல் போனதில்தான் இழப்பு இருக்கிறது. எச்டிஎம்எல்லை வளர்க்க முயன்றவர்களில் ஒருவரான டேவ் ராகெட் 1993-இல் எழுதிய எச்டிஎம்எல் பிளஸ் வரைவிலும், 1995-இல் வந்த எச்டிஎம்எல் 3.0 வரைவிலும் படத்துக்கென ஃபிக் என்று ஒரு குறிச்சொல் உண்டு. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நடுவில், படம் தெரியாதவர்களுக்காக எழுத இடம் உண்டு. ஓர் அருங்காட்சியகத்தின் தரைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் இணைப்பு எழுதி, படத்தில் அந்த அறை எங்கே அமைகிறது என்ற அளவையும் அந்த இணைப்பிலேயே குறித்துவிடலாம். படம் தெரிபவர் அறையைச் சொடுக்குவார். லின்க்ஸ் போன்ற, எழுத்தை மட்டும் காட்டும் உலாவியில் படிப்பவருக்கு அதே அறைகள் பட்டியலாக வரும். ஒரே முறை எழுதினால் இருவருக்கும் போதும்!

ஐஎம்ஜியில், படத்துக்குப் பதிலாகப் படிக்க வேண்டிய சொற்களை எழுத ஆல்ட் என்ற பண்பு இருக்கிறது. ஆனால் அதற்குள் இணைப்பு வைக்க முடியாது, பத்தி பிரிக்க முடியாது. எச்டிஎம்எல் 4.0 வந்த 1997 வரை அது கட்டாயமும் இல்லை. பார்வையற்ற நண்பர் ஒருவருடன் கட்டணம் செலுத்தும் பக்கம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பொத்தானுக்குப் பதில், ஆல்ட் எழுதாமல் படம் வைத்திருந்தார்கள். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அதன் கோப்புப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தது. அவர் மூன்று முறை கேட்டுவிட்டு, "நீங்களே அழுத்திவிடுங்கள்" என்றார். ஃபிக் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குரலும் கூடவே வருகிறது.

நூலகர்: நல்ல வரைவு என்றால் ஏன் நிற்கவில்லை?

பதில்: சுமை அதிகம். அட்டவணை, சமன்பாடு, ஃபிக், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் ஒரே வரைவில் ஏற்றினார்கள். உலாவி நிறுவனங்கள் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டன. வரைவு 1995 செப்டம்பரில் காலாவதியானது. அட்டவணை பிழைத்தது. சமன்பாடு பிழைக்கவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் பிறந்த வலையில், சமன்பாட்டை ஜிஃப் படமாக ஒட்ட வேண்டியிருந்தது. சமன்பாடுகளுக்கென மேத்எம்எல் என்ற தனி மொழி 1998-இல்தான் வந்தது. ராகெட் தன் வரைவைத் துண்டு துண்டாகக் கொடுத்திருந்தால் இன்னும் சில பிழைத்திருக்கும் என்பது என் கருத்து.

ஆசிரியர்: தமிழ்ப் பக்கங்கள் அப்போது எப்படி வந்தன?

பதில்: எச்டிஎம்எல் 2.0 மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே அறிந்திருந்தது. ஆகவே லத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களைச் செய்து, ஃபான்ட் குறிச்சொல்லில் அவற்றின் பெயரை எழுதினோம். படிப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கட்டுரை முழுவதும் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகவே தெரியும். 1997-இல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யுனிகோடு எச்டிஎம்எல்லின் அடிப்படை எழுத்துத் தொகுதியானது.

கல்லூரி மாணவி: இன்று பக்கம் எழுதும் நான் என்ன செய்யலாம்?

பதில்: ஆல்ட் பண்பில் "படம் 1" என்று எழுதாதீர்கள். தொலைபேசியில் ஒருவருக்கு அந்தப் படத்தை எப்படிச் சொல்வீர்களோ, அப்படி எழுதுங்கள். பஸ் நேரப் பலகையைப் படமெடுத்துப் போட்டால், கீழே அந்த நேரங்களை அட்டவணையாகவும் தட்டச்சு செய்துவிடுங்கள்.