50 காசு வாளா, 10 காசு சம்மட்டியா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை ஆட ஆரம்பித்திருக்கிறோம். 2014 விதிப்புத்தகம். என் கேரக்டர் ஃபைட்டர், அதாவது போர்வீரன். ஆரம்பப் பணத்துக்குப் பகடை உருட்டியதில் 130 தங்கக் காசு கிடைத்தது. இரண்டு கையாலும் பிடிக்கும் கிரேட்ஸ்வார்ட் வாங்க ஆசை. விலை 50 காசு. 10 காசு சம்மட்டியே அதே அளவு அடிக்கும் என்கிறான் நண்பன். எதை வாங்குவது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. புத்தகத்தில் மால் என்று போட்டிருக்கும் அந்தச் சம்மட்டிக்கும் வாளுக்கும் சேதம் பார்க்க உருட்டுவது ஆறுமுகப் பகடை இரண்டுதான், சராசரி 7. கூடுதலாகத் தரும் 40 காசுக்கு எடை குறைகிறது, அவ்வளவுதான். வாள் 6 பவுண்டு, சம்மட்டி 10. (6 பவுண்டு என்றால் சுமார் 2.7 கிலோ. நிஜ இருகை வாள்களும் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோதான். தூக்கவே முடியாத இரும்புத் தூண் என்பதெல்லாம் வீடியோ கேம் ஓவியர்களின் கைவண்ணம்.)

எதிரியைப் பொறுத்தும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. எலும்புக்கூட்டைச் சம்மட்டியால் அடித்தால் சேதம் இரண்டு மடங்கு. பிளாக் புட்டிங் என்ற கருங்கூழை வாளால் வெட்டினால் அது இரண்டாகப் பிரிந்து, இரண்டும் உங்கள் மேல் பாயும். வாளுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டுமே: ட்ரீயன்ட் என்ற நடக்கும் மரத்தின் மேல் சம்மட்டி அடி பாதிதான் இறங்கும். ஆனால் முதல் லெவலில் அதன் எதிரே போய் நின்றால் கையில் எது இருந்தாலும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் பர்ஸைப் பார்ப்போம். செயின் மெயில் கவசம் 75, வாள் 50. மிச்சம் 5 காசு. தோள்பை 2, கயிறு 1, நாலு நாள் சாப்பாடு 2. தீர்ந்தது, தூரத்தில் நிற்பவனை அடிக்க ஒரு அம்புகூட இல்லை. சம்மட்டி எடுத்தால் 45 மிஞ்சும். 10 காசு பயணப் பை, 25 காசு சிறிய குறுக்குவில், ஒரு காசுக்கு 20 அம்பு எல்லாம் வாங்கியும் 9 காசு கையில் நிற்கும். வாளை வாங்கிவிட்டு அப்புறம் மனசு மாறி விற்றால் பாதி விலைதான், 25.

ஆனால் பகடை உருட்டியதே நஷ்டம் என்பேன். உருட்டாமல் ஃபைட்டருக்கான ஆரம்பச் சாமான்களை எடுத்திருந்தால் செயின் மெயில், குறுக்குவில், ஒரு பை, விருப்பப்பட்ட போர் ஆயுதம் இரண்டு எல்லாம் சும்மாவே வந்திருக்கும். அதில் ஒன்று கிரேட்ஸ்வார்டாக இருக்கலாம். கவசம், வாள், வில் மட்டுமே 150 காசு பெறும். ஆட்டம் இன்னும் முதல் அமர்வைத் தாண்டவில்லை என்றால் ஆட்டத்தை நடத்தும் டி.எம்.மிடம் மாற்றித் தரக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள்.

ஒன்று விட்டுவிட்டீர்கள்: உங்கள் கேரக்டர் என்ன இனம்? ஹாஃப்லிங், நோம் போன்ற குட்டை ஆட்கள் என்றால் இரண்டையுமே வாங்காதீர்கள். கனமான ஆயுதத்தால் அடிக்கும்போது, அடி படுகிறதா என்று பார்க்க அவர்கள் இரண்டு பகடை உருட்டி, குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். அவர்களுக்கு 15 காசு லாங்ஸ்வார்டும் 10 காசு கேடயமும் போதும்.

டி.எம். ஒத்துக்கொள்ளாவிட்டால் சம்மட்டியோடு கிளம்புங்கள். மான்ஸ்டர் புத்தகத்தில் நைட் என்றொரு எதிரி கிரேட்ஸ்வார்டோடுதான் வருகிறார். இரண்டு மூன்று லெவல் ஏறிய பிறகு அவரைக் கவனித்துக்கொள்ளலாம்.